மேகசீனுக்கு ஒரு பூஜை

ஒழுங்காக ஓடுகிற எதையும் என்னால் ஒழுங்காக ஓட விட முடியாது. இதை நானே ஒப்புக்கொள்ள எழுபது வயது ஆக வேண்டியிருந்தது. என் மனைவி சரோஜா கல்யாணமான மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். (அன்றைக்கு அவள் சீராகக் கொண்டுவந்த டைம்பீஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவரை அது சரியான மணிதான் காட்டிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் காட்டவில்லை.)

என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திரா கூப்பிடு தூரத்தில் இருந்தால் அப்படித்தான். ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். "உன் கைய ரெண்டையும் பிளாட்பாரத்துல சேத்து கட்னாகூட, நீ பிளாட்பாரத்த கழட்டிக்கினு வந்துருவடா" என்பார். அவர் கோபத்தில் சொன்னதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்ட வயது அது.

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்கு நிலம் அளந்து கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ரயில்வே கேட் பக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் டர்னர். தினக்கூலி. மாமனார் ஆரணிக்காரர். (பட்டுப்புடவை ஆரணி இல்லை, பொன்னேரி பக்கத்து ஆரணி. பட்டுப்புடவை ஆரணியாக இருந்திருந்தால் எனக்கு ஒரு பட்டு வேட்டியாவது கிடைத்திருக்கும்.) "பையனுக்கு சீக்கிரமே பர்மனென்ட் ஆயிரும்" என்று நைனா சொன்னதை நம்பித்தான் அவர் பெண் கொடுத்தார். மாதம் ஒரு முறை வெண்டைக்காய் மூட்டையோடு வந்து, மூட்டையை இறக்குவதற்கு முன்னாலேயே, "இன்னா மாப்ள, ஆர்டர் வந்துச்சா?" என்று கேட்பார். எதிரே நிற்கும் சரோஜா தலையைக் குனிந்துகொள்வாள். அந்தக் குனிந்த தலைதான் எனக்குப் பெரிய பேஜாராக இருந்தது.

அப்போதுதான் மேஜர் வந்தார். பட்டாளத்திலிருந்து அவர் வந்துவிட்டார், அவரிடமிருந்து பட்டாளம் போகவில்லை. பம்ப் பாகங்கள் செய்யும் புதுத் தொழிற்சாலை ஒன்றுக்கு அவர்தான் மேனேஜராக வரப்போகிறார் என்று ஊரே பேசியது. ஓய்வு நேரத்தில் ஏரிக்கரைக்குப் பின்னால் ஒரு ரைபிள் கிளப் நடத்தினார். ஒரு டாக்டர், ஒரு ரைஸ்மில்காரர், இன்னும் நாலு பெரிய மனிதர்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு பாயிண்ட் டூ டூ ரைபிள். அதுவும் மேஜர் வீட்டு இரும்பு அலமாரியில் இரண்டு பூட்டுக்குள் இருக்கும்.

ஒரு நாள் அவர் பட்டறைக்குள் வந்து, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய தகரப் பெட்டி ஒன்றை என் லேத் மேல் வைத்தார்.

"இது மேகசீன், மேன். அஞ்சு குண்டு பிடிக்கும். ரெண்டு போகுது, மூணாவது மாட்டிக்கிது. பார்க்கிறியா?"

விஷயம் எளிது. இந்தக் குண்டுக்கு அடியில் ஒரு விளிம்பு உண்டு. பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது மேல் குண்டின் விளிம்பு கீழ்க் குண்டின் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் போய் மாட்டிக்கொண்டால், ரேஷன் கடை வரிசையில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்ட மாதிரி இரண்டும் நகராது. அடியில் ஒரு ஸ்பிரிங், அதன்மேல் குண்டைத் தாங்கும் ஒரு சின்னத் தட்டு. ஸ்பிரிங் தட்டைத் தள்ளும், தட்டு குண்டைத் தள்ளும். அவ்வளவுதான். ஆனால் அதைப் பார்த்த கணத்தில் என் விரல்களுக்குள் ஏதோ ஓடியது. சரோஜாவைப் பெண் பார்க்கப் போனபோதுகூட அப்படி ஓடவில்லை. (இந்த வரியை அவள் படித்துவிட்டாள். அடுத்த வேளை சாப்பாடு தாமதமாக வந்தது.)

துப்பாக்கியும் குண்டும் மேஜர் வீட்டிலேயே இருக்க, வெறும் மேகசீன் மட்டும் அவர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தது. ஒரே வாரத்தில் சரி செய்துவிட்டேன். உண்மையாகவே சரி செய்துவிட்டேன்! ஏரிக்கரையில் மேஜர் சுட்டுப் பார்த்தார். ஐந்தும் தடங்கல் இல்லாமல் ஏறின.

"ஃபர்ஸ்ட் கிளாஸ். விஜயதசமிக்கு முதலாளி மெட்ராஸ்லேர்ந்து வர்றாரு. காலையில ஷெட்டுக்கு பூஜை, முடிஞ்சதும் நம்ம கிளப். அவர் முன்னாடி இதே மாதிரி அஞ்சும் போகட்டும். டூல் ரூம் வேலை உனக்குத்தான். பர்மனென்ட். அதுவரைக்கும் இது என் அலமாரியில இருக்கட்டும்."

இந்த இடத்தில் மூளையுள்ள எவனும் கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். நான் சொன்னேன்: "சார், இன்னும் ஒரே ஒரு சின்ன பாலிஷ் பாக்கி இருக்குது சார்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி. அந்த ஆண்டிக்காவது கையில் இருந்தது சங்கு. என் கையில் இருந்தது என் வேலை, சரோஜாவின் தலைநிமிர்வு, மாமனாரின் வெண்டைக்காய் எல்லாம்.

அடுத்த மூன்று வாரம் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக உட்காரவில்லை. பித்தளைக் கம்பியைக் கடைந்து ஐந்து டம்மி குண்டு செய்துகொண்டேன். மருந்தும் கிடையாது, ஈயமும் கிடையாது, வெறும் பித்தளை. அவற்றை மேகசீனுக்குள் அடைப்பேன், கட்டை விரலால் ஒவ்வொன்றாக வெளியே தள்ளுவேன், மறுபடி அடைப்பேன். சாப்பிடும்போது இடது கையால் செய்வேன். ஸ்பிரிங் கொஞ்சம் கடினம் என்று தோன்றும், மாற்றுவேன். கொஞ்சம் இளகல் என்று தோன்றும், பழையதைப் போடுவேன். வீட்டிலிருந்த டார்ச் லைட் ஸ்பிரிங் போய்விட்டது. நைனாவின் பேனா எழுதுவதை நிறுத்தியது. ஒரு நாள் டம்மி ஒன்று எகிறிப் பறந்து எங்கே போனதென்றே தெரியவில்லை. மத்தியானம் நைனாதான் கண்டுபிடித்தார், கடைவாய்ப் பல்லால்.

"இன்னாம்மா சரோஜா, முருங்கக்கா இவ்ளோ முத்தலாவா போட்டு சாம்பார் வெப்ப?" என்று துப்பினார். தட்டில் 'டிங்' என்று விழுந்தது. நான் முதலில் எடுத்தது டம்மியை. அதன் விளிம்பு நசுங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். பல் எப்படி இருக்கிறது என்று கேட்கத் தோன்றவேயில்லை.

சரோஜா அந்த மேகசீனைத் தொடக்கூடாது என்பது என் கட்டளை. "அதுமேல மூச்சு கூட படக்கூடாது" என்று சொல்லியிருந்தேன். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டாள்: "இன்னாங்க, அது நல்லா ஆயிருச்சுன்னுதான மேஜரே சொன்னாரு? அப்புறம் இன்னாத்துக்கு அத போட்டு நோண்டிக்கினே கீறிங்க?"

"உனக்குத் தெரியாது. சும்மா இரு."

இதைச் சொன்னவன் யார் என்று பாருங்கள்.

ஆயுத பூஜை வந்தது. அன்று காலை மேகசீன் அருமையாக இருந்தது. அதை நானே ஒப்புக்கொண்டேன் என்றால் எவ்வளவு அருமை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூடத்தில் நைனாவின் சம்மட்டி, அளவெடுக்கும் என் வெர்னியர், ஸ்பேனர் செட், சரோஜாவின் அரிவாள்மனை, என் சைக்கிள், எல்லாம் குளித்து முழுகி வரிசையாக நின்றன. நடுவில் தலைவாழை இலை போட்டு அதன்மேல் மேகசீனை வைத்தேன். சரோஜா சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள்.

"உள்ள ஒண்ணும் இல்லீங்களா?"

"ஒண்ணும் இல்ல. காலி."

"காலியாவா வெக்கறது?"

நான் அப்போது சைக்கிள் பெல்லைத் திருகிக்கொண்டிருந்தேன். (அதுவும் நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது.) "ம்" என்றேன். அந்த "ம்"முக்காக நான் பட்டது கொஞ்சமில்லை.

கற்பூரம் காட்டி, பொரியும் கடலையும் வெல்லமும் படைத்து எழுந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எனக்குச் சுருக்கென்றது. மேகசீனின் வாய் ஓரத்தில் ஒரு பிசிறு விட்டுவிட்டேனோ? ராத்திரி விரலில் ஏதோ நெருடியதே? இரண்டு இழுப்பு அரம் போட்டால் போதும். கையை நீட்டினேன்.

"தொட்ட, கைய ஒடச்சிருவேன்" என்றார் நைனா, ஈஸி சேரில் கண்ணை மூடியபடியே. "வருஷத்துல ஒரு நாளு அதுங்களுக்கு லீவு. நாளைக்கு மறுபூஜ முடிஞ்சாத்தான் எடுக்கணும்."

அன்று பகல் எனக்கு எப்படிப் போனது என்று எழுத்தில் சொல்ல முடியாது. கூடத்தைச் சுற்றினேன். கொல்லைக்குப் போனேன். திரும்பி வந்து தூரத்திலிருந்து குனிந்து பார்த்தேன். காலை ஆட்டினேன். "நைனா, தொடப்பக்குச்சி ஆயுதமா?" என்று கேட்டேன். "நீ எத எடுத்தாலும் அது ஆயுதம்தான்டா" என்றார். பொரியை அள்ளி அள்ளித் தின்றேன், கைக்கு வேலை வேண்டுமே. என் அருமை மேகசீன் சந்தனமும் குங்குமமுமாகக் கோலாகலமாக உட்கார்ந்திருந்தது. நான் அதை ஒரு முறையாவது கையில் எடுத்திருந்தால்! இத்தனை வருடத்தில் நான் கை வைத்துக் கெட்டது ஆயிரம். கை வைக்காமல் கெட்டது அது ஒன்றுதான்.

விடிந்தது. மறுபூஜை முடிந்ததும் சரோஜா மேகசீனை மஞ்சள் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். புடவை மாற்றித் தலைக்குப் பூ வைத்திருந்தாள். "பொட்டு வெச்சிருக்கேன், அழிச்சிராதிங்க. மேஜர் கையில குடுக்கற வரைக்கும் பிரிக்காதிங்க. வேல கெடைச்சிரும் பாருங்க." அவள் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. ஒரு மாதமாக அவள்மேல் எரிந்து எரிந்து விழுந்தேனே என்று வெட்கமாக இருந்தது. சரி, இந்த ஒரு விஷயத்திலாவது அவள் சொன்னபடி கேட்போம் என்று துணியைப் பிரிக்காமல் சைக்கிளில் ஏறினேன். நல்லவனாக இருக்க நான் தேர்ந்தெடுத்த நேரத்தைப் பாருங்கள்.

ஏரிக்கரையில் படுதா விரித்திருந்தது. முதலாளி நெற்றி நிறைய விபூதியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டாக்டர், ரைஸ்மில்காரர், இன்னும் பூஜைக்கு வந்த கூட்டம் பின்னால். மேஜர் துணியைப் பிரித்தார். பட்டாளத்துக்காரருக்கும் ஆயுத பூஜை உண்டே, குங்குமத்தைப் பார்த்ததும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதலாளி தலையை ஆட்டினார். வேலை பாதி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

மேஜர் குண்டுகளை அடைத்தார். அடைக்கும்போது புருவம் சுருங்கியது.

"இன்னா மேன், பிசுபிசுங்குது? கிரீஸ் போட்டியா?"

நான் கிரீஸே போடவில்லை. "ஆமா சார், கொஞ்சமா" என்றேன். ஏன் சொன்னேன்? மேஜர் கேட்டால் ஆமாம் என்று சொல்வதுதான் எனக்குப் பழக்கம்.

படுதாவில் குப்புறப் படுத்தார். குறி பார்த்தார். 'டப்.' அட்டையின் நடுவில் ஓட்டை. கூட்டம் கை தட்டியது. அடுத்த குண்டை ஏற்றப் போல்ட்டை இழுத்துத் தள்ளி, விசையை அழுத்தினார். 'டிக்.' ஒன்றும் இல்லை. மறுபடி இழுத்துத் தள்ளினார். 'டிக்.' ஏரியில் ஒரு நாரை எழுந்து பறந்தது. அதற்கும் புரிந்துவிட்டது போல.

"மேன்." அவர் திரும்பவில்லை.

மேகசீனைக் கழற்றினார். துப்பாக்கி காலிதானா என்று முறையாகப் பார்த்துத் தள்ளி வைத்தார். மேகசீனைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினார். ஒன்றும் விழவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினார். மீதி நாலு குண்டும் விழுந்தன. கூடவே பழுப்பாக ஒரு கட்டி விழுந்தது. அதன்மேல் இரண்டு பொரி ஒட்டியிருந்தது.

மேஜர் அதை முகர்ந்து பார்த்தார். நானும் இருந்த இடத்திலிருந்தே முகர்ந்தேன். வெல்லம்! ராத்திரி ஈரக்காற்றில் உருகி, ஸ்பிரிங்கையும் தட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்ட அசல் வெல்லம். இறங்கின தட்டு ஏறவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது.

வெல்லம் இருந்தால் எறும்பு இருக்கும் என்பது மேஜருக்கும் தெரியும், ஆனால் தாமதமாகத் தெரிந்தது. குட்டிக் குட்டிச் செவ்வெறும்புகள். இரவெல்லாம் உள்ளே விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவை. அவர் தட்டிய தட்டில் கோபித்துக்கொண்டு மணிக்கட்டு வழியாகச் சட்டைக்குள் போய்விட்டன. மேஜர் எழுந்தார். அவர் ஆடிய ஆட்டத்தை எந்தப் பட்டாளத்திலும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். டாக்டர் ஓடி வந்து சட்டையைக் கழற்றினார். ரைஸ்மில்காரர் துண்டால் முதுகில் அடித்தார். எறும்பை அடித்தாரா, கிளப்பில் ஏதாவது பழைய பகையா, தெரியவில்லை, ரொம்ப நேரம் அடித்தார்.

பனியனோடு மேஜர் என் முன்னால் வந்து நின்றார். "இன்னா மேன் இது?"

"பொரி சார்."

"எதுக்கு?"

"சரஸ்வதிக்கு சார்."

பின்னால் யாரோ அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்தார்கள். மேஜர் கத்தினார்: "யார் வெச்சது?"

எனக்கு அந்தக் கணத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. 'காலியாவா வெக்கறது?' நான் சொன்ன "ம்". வாசலில் பூ வைத்துக்கொண்டு நின்ற சரோஜா. ஒரு வார்த்தையில் தப்பித்துவிடலாம்: பொம்பளை, தெரியாமல் செய்துவிட்டாள் சார். கூட்டமே தலையாட்டும். வாய் வரைக்கும் வந்தது, சாமி சத்தியமாக வந்தது.

"நான்தான் சார் வெச்சேன்" என்றேன்.

"இவன் நம்ம கேட்டுக்குள்ளயே வரக்கூடாது!" என்று மேஜர் முதலாளியிடம் திரும்பினார். முதலாளி விரலை மடக்கி என்னைக் கூப்பிட்டார்.

"குடுக்கறதுக்கு முன்னாடி உள்ள பாத்தியா?"

"இல்லீங்க ஐயா."

"ஏன்?"

"பொட்டு அழிஞ்சிரும்னு பாக்கலீங்க."

அவர் மூக்கைத் தடவிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான் என்று இப்போது தோன்றுகிறது. "மேஜர், இவன் டூல் ரூமுக்கு வேண்டாம். ஆனா இன்ஸ்பெக்ஷனுக்கு ஒரு ஆள் வேணும்னு சொன்னீங்களே. உள்ள பாக்காம குடுத்து இன்னிக்கு இத்தன பேர் முன்னாடி நிக்கிறான். இனிமே எவன் குடுத்தாலும் உள்ள பாக்காம விடமாட்டான். அங்க போடுங்க. கைல எந்த டூலும் குடுக்காதீங்க. பாக்கறது மட்டும்தான் வேல."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஏறி மிதிக்கத் தெம்பு இல்லை. சரோஜா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"இன்னா ஆச்சுங்க?"

"இன்னாத்துக்குடி அதுக்குள்ள வெல்லத்த வெச்ச?" தெருவே திரும்பிப் பார்த்தது.

"வெறும் ஏனத்த சாமி முன்னாடி வெப்பாங்களா?" என்றாள், குரல் உடைந்துபோய். "உங்ககிட்ட கேட்டேன், நீங்க ம்னு சொன்னிங்க. நீங்க அமுக்கறத பாத்துக்கினுதான இருந்தேன், அதே மாதிரி அமுக்கி வெச்சேன். வாய் தித்திச்சா வேலைய நல்லா செய்யும்னு..." என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எறும்பு கிறும்பு ஏறிச்சா?" என்றாள்.

"மேஜர் மேல ஏறிச்சு."

"எங்க?"

சொன்னேன். அழுகை நடுவிலேயே நின்று, அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் வந்துவிட்டது. நைனா உள்ளேயிருந்து, "வேல போச்சா, இருக்குதா? அத சொல்லிட்டு சிரிங்கடா" என்று கத்தினார்.

"கெடைச்சிருச்சு நைனா. பர்மனென்ட்தான். இன்ஸ்பெக்ஷன்ல."

"அங்க இன்னா வேல?" என்றாள் சரோஜா.

"செஞ்சு வர்றத உள்ள பாக்கணும். அவ்ளோதான். எதுலயும் கை வெக்கக்கூடாது."

"உங்களையா? கை வெக்கக்கூடாதுன்னாங்களா?" அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்புதான் எங்கள் கல்யாண வாழ்க்கையில் முதல் பெரிய சிரிப்பு.

ரிட்டயர் ஆகும் வரைக்கும் அந்த வேலைதான். எத்தனையோ ஆயிரம் பம்ப் உடம்புகளுக்குள் எட்டிப் பார்த்தேன். கை துடிக்கும். பிசிறு கண்ணில் படும், இரண்டு இழுப்பு அரம் போதும், ஆனால் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவதோடு சரி. வட்டம் போடும்போதெல்லாம் ஏரிக்கரை ஞாபகம் வரும். வீட்டிலும் அந்தக் கேள்வி நிலைத்துவிட்டது. பிள்ளைகள் டிபன் பாக்ஸ் எடுத்தாலும், பொண்ணு காலேஜ் பையைத் தூக்கினாலும், பெரியவன் கல்யாணத்தில் தாலித் தட்டு எடுத்து வந்தபோதும், யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார்கள்: "உள்ள பாத்தியா?" சம்பந்தி வீட்டார் மட்டும் விழித்தார்கள். அவர்களுக்கு முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியதாயிற்று. முகூர்த்தம் தவறப் பார்த்தது.

போன ஆயுத பூஜைக்கு என்னிடம் வைக்க ஒரு ஆயுதமும் இல்லை. வெர்னியர் பேரனிடம் போய்விட்டது. சரோஜா என் மூக்குக் கண்ணாடியை அதன் கூட்டோடு எடுத்துப் பொட்டு வைத்து இலையில் வைத்தாள். "ஆயுசு பூரா நீங்க பாத்துதான சம்பாதிச்சிங்க" என்றாள். எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. மறுநாள் காலை மறுபூஜை முடிந்ததும் கூட்டைத் திறந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பேப்பரை விரித்தேன். இரண்டாவது வரியில் எழுத்துகள் நகர்ந்தன. அப்புறம் இமைக்கு மேல் சுள்ளென்றது.

"உள்ள பாத்திங்களா?" என்று சமையற்கட்டிலிருந்து குரல் வந்தது.

கண்ணாடி இல்லாமல் கண்ணாடிக் கூட்டுக்குள் எதைப் பார்க்க என்று கத்தினேன். இரண்டு கண்ணும் வீங்கி நான் உட்கார்ந்திருக்க, அவள் அதே பழைய சிரிப்பைச் சிரித்துக்கொண்டே வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். காலியாக வைக்கக்கூடாதாம்.